திருவுளச் சீட்டு

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. சிவப்பு அரளி ஒன்றையும் வெள்ளை அரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்து, நூலால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. விவரம் தெரியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் சம்மதமில்லை. என் அக்காளுக்கு வந்த ஒரு வரனைப் பற்றி இப்படிக் கேட்டபோது பொட்டலம் எடுத்த குழந்தை நான்தான். எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். சிவப்பு வந்தது. அம்மாவுக்கு அந்த வரன் மிகவும் பிடித்துப் போயிருந்தது. "குழந்தை இடது கையால் எடுத்துவிட்டான், இன்னொரு தரம் போடுங்கள்" என்றாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாந்தரம் வெள்ளை வந்தது. உடனே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அக்காள் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அதைச் சொல்லாவிட்டால் அம்மனுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஆனால் அன்றைக்கு அம்மனிடம் மூன்று தடவை கேட்டவர்கள் அக்காளிடம் ஒரு தடவையாவது கேட்டார்களா என்ற நினைப்பு எனக்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது. அதுவும், எங்கேயோ ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த சில கிறிஸ்தவர்களின் சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

நம் மொழியில் இந்தக் காரியத்துக்குத் திருவுளச் சீட்டு என்று எவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்! சீட்டு நம்முடையது, எழுதுவது நாம், மடிப்பது நாம், குலுக்குவதும் நாம். எந்தச் சீட்டு மேலே வருகிறது என்பது மட்டும் திருவுளம். பழைய ஏற்பாட்டு இஸ்ரவேலருக்கும் இதே நம்பிக்கை இருந்தது. கானான் தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பங்கிட்டது சீட்டுப் போட்டுத்தான். முதல் அரசனான சவுல் வெளிப்பட்டதும் சீட்டில்தான். யூதாஸ் போன இடத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தபோது அப்போஸ்தலர்கள் இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். மத்தியாஸ் பேரில் விழுந்தது. அதற்குப் பிறகு பரிசுத்த ஆவி இறங்கிய வரலாறு வருகிறது. அப்புறம் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை. 'இனிமேல் அது வேண்டாம் என்பதற்குத்தான் அந்த மௌனம்' என்று சிலர் சொன்னார்கள். 'வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?' என்று வேறு சிலர் கேட்டார்கள். கேட்டவர்களின் கதைதான் இது.

அவர்களுக்கு மொரேவியச் சகோதரர்கள் என்று பெயர். முன்னோர் பொஹீமியா நாட்டவர். ரோமாபுரியோடு முறித்துக்கொண்டு தனித்து நின்ற அந்தச் சிறு கூட்டம், 1467-ஆம் ஆண்டில் லோட்டா என்ற கிராமத்தில் கூடித் தங்களுக்கென்று குருமார்களைத் தேர்ந்தெடுக்க முற்பட்டது. தகுதியானவர்கள் என்று 9 பேரைப் பொறுக்கினார்கள். 12 சீட்டுகள் தயாராயின. 3 சீட்டில் 'இவன்தான்' என்ற பொருளில் ஒரு சொல், மீதி 9 சீட்டும் வெறுமை. ஒன்பது பேரும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டியது. எடுத்தவை எல்லாம் வெறுஞ்சீட்டாக இருந்துவிட்டால் ஆண்டவருக்கு இந்த வருஷம் விருப்பமில்லை என்று வைத்துக்கொள்வது. எடுத்துப் பார்த்தபோது மூன்று சீட்டும் மூவர் கையில் இருந்தன. மத்தியாஸ், தாமஸ், எலியாஸ் என்ற அந்த மூவரும் முதல் குருமார்கள் ஆனார்கள். கூட்டம் ஆனந்தக் கண்ணீர் விட்டது.

கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த கணக்கு என்னை இங்கே சும்மா இருக்க விடவில்லை. மூன்றும் வெளிப்பட ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருந்தது. ஒன்றுகூட வராமற்போக 220-ல் ஒரு பங்குதான். வேண்டாம் என்று சொல்ல ஆண்டவருக்கு அவர்கள் திறந்து வைத்த கதவு ரொம்பக் குறுகல். ஆனால் இதைச் சொல்லி அவர்களை மட்டந்தட்ட எனக்கு மனமில்லை. பிடிபட்டால் சிறையும் சித்திரவதையும் காத்திருக்கிற காலத்தில், கணக்குப் பார்க்கிறவன் எவனும் அந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டான்.

பின்னால் வந்த மதப் போர்களில் அந்தச் சபை ஏறக்குறைய அழிந்தே போயிற்று. மிஞ்சியவர்களில் சிலர் 1722-இல் எல்லை தாண்டி ஸாக்ஸனி நாட்டுக்குள் வந்து, ஸின்ஸெண்டார்ப் என்ற இளம் பிரபுவின் பண்ணையில் அடைக்கலம் புகுந்தார்கள். கிறிஸ்டியன் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டி வீழ்த்தினார். அந்த இடத்தில் எழும்பிய ஊர் ஹெர்ன்ஹூட். பிரபுவுக்கு அப்போது வயது 22. அரண்மனை உத்தியோகத்துக்கென்று வளர்க்கப்பட்டவர், நாளடைவில் இந்த ஏழைத் தச்சர்களுக்கும் குயவர்களுக்கும் மேய்ப்பராகிவிட்டார்.

1728-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மாலைக் கூட்டத்தில் ஸின்ஸெண்டார்ப் மறு நாளைக்கென்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார். பட்டாளத்தில் இரவுக் காவலாளுக்கு அடையாளச் சொல் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. நாளுக்கு ஒரு வாக்கியமாக அது தொடர்ந்தது. காலையில் ஒருவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி அன்றைய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் யாருக்கு நோய், யாருக்குக் கவலை என்று விசாரித்துக்கொண்டும் வருவார். 1731-க்கு முழு வருஷத்துக்கும் சீட்டில் எடுத்துப் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டார்கள். புது வருஷப் பிறப்பன்று நம் கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கமும் இந்த ஜெர்மானிய பக்திக் குடும்பத்துக்கு உறவுமுறைதான். வசனப் பெட்டி ஒன்றை போகாட்ஸ்கி என்பவர் 1718-லேயே வெளியிட்டிருந்தார்.

நாளுக்கு ஒரு வசனம் எடுப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஹெர்ன்ஹூட்டார் அத்தோடு நிற்கவில்லை. பதவி, பயணம், நிலம், திருமணம், சபையில் ஆள் சேர்ப்பு எல்லாவற்றுக்கும் சீட்டு வந்துவிட்டது. 1730-இல் சகோதரிகளின் தலைவியைத் தேர்ந்தெடுத்தபோது சீட்டு விழுந்தது அன்னா நிட்ஷ்மான் என்ற 14 வயதுப் பெண்ணின் மேல். பிரபுவே திகைத்துப்போய், வேண்டாமென்று சொல்லிவிடும்படி அவளுக்கு யோசனை சொன்னார். ஆண்டவர் கொடுத்ததை நான் எப்படித் தள்ளுவது என்று அந்தப் பெண் பதவியை ஏற்றுக்கொண்டாள். நன்றாகவும் நிர்வகித்தாள்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் பிரபுவுக்கே சோதனை வந்தது. தனிச் சபை என்ற பெயரையும் ஒழுங்கையும் விட்டுவிட்டு லூத்தரன் சபையோடு கலந்துவிடலாம் என்பது அவருடைய கட்சி. அகதிகளாக வந்த மொரேவியர்கள் மறுத்தார்கள். இரண்டு வசனங்களை எழுதி வைத்தார்கள். ஒன்று கலந்துவிடலாம் என்ற பக்கம், மற்றது முன்னோரிடம் கற்றதை விடாமல் பற்றிக்கொள்ளச் சொல்லுவது. எடுக்க வந்த குழந்தை பிரபுவின் சொந்த மகன், மூன்று வயது நிரம்பிய கிறிஸ்டியன் ரெனாட்டஸ். பிள்ளை எடுத்தது தகப்பனுக்கு விரோதமான சீட்டை! பிரபு மறு பேச்சுப் பேசவில்லை. இடது கை, வலது கை என்று வாதாடவில்லை. (உத்தரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை எடுக்க ஒன்றும் அறியாத பாலனைக் கொண்டு வர வேண்டும் என்று சோழர் காலத்தில் விதித்திருப்பது என் நினைவுக்கு வந்தது. தந்திரமில்லாத கை வேண்டுமென்றால் உலகமெங்கும் குழந்தையைத்தான் தேடியிருக்கிறார்கள்.)

1732-இல் லியோனார்ட் டோபர் என்ற குயவர், மேற்கிந்தியத் தீவான செயின்ட் தாமஸில் அடிமைகளாக இருக்கிற நீக்ரோக்களிடம் போய்ப் பிரசங்கிக்க வேண்டுமென்று துடித்தார். சபை தயங்கியது. சீட்டுப் போட்டார்கள். பையனைப் போகவிடலாம், ஆண்டவர் துணையிருப்பார் என்ற கருத்தில் ஒரு சீட்டு வந்தது. தச்சரான டேவிட் நிட்ஷ்மானும் டோபரும் ஆகஸ்டு மாதம் விடியற்காலையில் கால்நடையாகவே கோபன்ஹேகனுக்குக் கிளம்பினார்கள். புராட்டஸ்டண்டு மிஷன் சரித்திரத்தில் அது ஒரு பெரிய நாள். ஆகவே சீட்டை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியவில்லை. சபையின் பெரியவர்கள் எல்லோரும் கூடி யோசித்திருந்தால் அந்தக் குயவர் தம் ஊரிலேயே பானை வனைந்துகொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் சீட்டுப் போட்ட விதம் நம்முடைய பூக்கட்டி பார்க்கிற விதத்தைவிடக் கண்டிப்பானது. வழக்கமாக மூன்று சீட்டுகள்: ஆம், இல்லை, ஒன்றும் எழுதாதது. வெறுஞ்சீட்டு வந்தால் காலம் வரவில்லை, அல்லது கேள்வியே சரியில்லை என்று அர்த்தம். இந்த மூன்றாவது சீட்டு எனக்கு வெகுவாகப் பிடித்திருக்கிறது. தெய்வத்துக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமையை விட்டுவைத்த நாகரிகம் அது.

திருமண விஷயம் இப்படி நடந்தது. பிரம்மசாரிகள் ஒரு வீட்டில், கன்னிப் பெண்கள் ஒரு வீட்டில். ஒரு சகோதரனுக்கு விவாகம் வேண்டுமென்றால் மூப்பர்களிடம் சொல்லுவான். பெண்ணின் பெயரை அவனே சொல்வதும் உண்டு, அவர்கள் யோசித்துச் சொல்வதும் உண்டு. பிறகு சீட்டு. இல்லை என்று வந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, வேறு பெயர்தான். ஆம் என்று வந்தால், அப்போதுதான் பெண்ணிடம் போய்க் கேட்பார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லலாம். அந்த அனுமதி இருந்தது என்பதைச் சரித்திரக்காரர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ஆனால் நான் கதை எழுதுகிறவன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். 'ஆண்டவர் ஆம் என்றுவிட்டார், உன் விருப்பம் என்ன, அம்மா?' என்று வெள்ளைக் குல்லாய் அணிந்த மூதாட்டி வந்து கேட்டால் இருபது வயதுப் பெண் என்ன சொல்லுவாள்?

இனி ஜான் வெஸ்லியிடம் வருகிறேன். மெதடிஸ்டு சபையை ஸ்தாபித்த அதே வெஸ்லி. 1735-இன் கடைசியில் ஆக்ஸ்போர்டு படிப்பாளியாக, முப்பத்திரண்டு வயதில், அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா குடியேற்றத்துக்கு மதகுருவாகக் கப்பலேறினார். அதே கப்பலில் 26 மொரேவியர்களும் இருந்தார்கள். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். பெரிய பாய் கிழிந்து தண்ணீர் தளத்துக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். சங்கீதம் பாடிக்கொண்டிருந்த மொரேவியர்கள், ஆண் பெண் குழந்தைகள் உட்பட, பாட்டை நிறுத்தவே இல்லை. சாவைக் கண்டு நடுங்கிய வெஸ்லி அன்று அவர்களுக்கு மனத்தைப் பறிகொடுத்தார். அவர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது தைரியம் மட்டுமல்ல, சீட்டும்.

சவானா ஊரில் ஸோபி ஹாப்கி என்று ஒரு பெண் இருந்தாள். ஊர் நீதிபதி காஸ்டனின் மனைவிக்கு உறவு, வயது 18. வெஸ்லியிடம் பிரெஞ்சு கற்றாள். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலிருந்து பணிவிடை செய்தாள். வெஸ்லிக்குப் பிடிக்கும் என்பதற்காக வெள்ளை உடை உடுத்தினாள் என்றும் சொல்லுகிறார்கள். 1736 அக்டோபரில் இருவரும் பிரெடரிகாவிலிருந்து சவானாவுக்குப் படகில் வந்தார்கள். இரவில் கரையில் தீ மூட்டிக்கொண்டு தங்குவது. அப்படி ஓர் இரவில், உன்னோடு வாழ்நாளைக் கழிப்பது பாக்கியம் என்ற பொருளில் வெஸ்லி வாய் தவறிச் சொல்லியும் விட்டார். அவள் கண் கலங்கினாள். அதற்கு மேல் அவர் பேசவில்லை. இதெல்லாம் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. நாவலாசிரியன் கற்பனை செய்ய அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நான்கைந்து மாதம் இப்படி ஓடிற்று. துறவியாகவே வாழ்வது மேல் என்ற எண்ணம் ஒரு பக்கம் இழுத்தது. ஸோபி மறு பக்கம் இழுத்தாள். கூட வந்த நண்பர் டெலமோட், இந்த விவாகம் நடந்தால் தாம் பிரிந்து போக நேரும் என்று வருந்தினார். கடைசியில் 1737 மார்ச் 4-ஆம் தேதி இருவருமாக முழந்தாளிட்டு ஜெபம் செய்து, மூன்று சீட்டு எழுதினார்கள். 'மணந்துகொள்.' 'இந்த ஆண்டு நினைக்காதே.' 'இனி ஒருபோதும் நினைக்காதே.' எடுத்தவர் டெலமோட். வந்தது மூன்றாவது. வேதனைக்குப் பதிலாகத் தமக்குச் சமாதானமே வந்தது என்று வெஸ்லி எழுதிவைத்தார். அவளோடு இனிப் பேசலாமா என்று இன்னொரு சீட்டும் போட்டார்கள். டெலமோட் கூட இருந்தால் மட்டும் பேசலாம் என்று வந்தது.

சீட்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஸோபியிடம் போய்க் கேள்' என்று ஒரு சீட்டு அதில் இல்லை. அவள் மனசு என்ன என்று தெரிந்துகொள்ள ஆண்டவரைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே கிடையாது. நாலு தெரு தள்ளித்தான் அவள் இருந்தாள். இன்னொன்று: எடுத்த கை, அந்த விவாகம் நடக்கக்கூடாது என்று விரும்பியவருடைய கை. டெலமோட் சூது செய்தார் என்று நான் சொல்லவில்லை, அவர் நல்லவர். ஆனால் குடவோலைக்காரர்கள் அவரை எடுக்க விட்டிருக்கமாட்டார்கள்.

சமாதானம் ஐந்து நாள் நீடித்தது. வில்லியம்ஸன் என்பவரை மணக்கப்போவதாக ஸோபி சொன்ன சேதி வந்தது. அன்றைக்குப் போல ஒரு நாளைத் தாம் கண்டதில்லை என்று புலம்பியவர், ஆண்டவர் சித்தம் நல்லது என்று எழுதிய அதே மனிதர்தான். மார்ச் 12-இல் பர்ரிஸ்பர்க் என்ற ஊரில் ஸோபியின் கல்யாணம் நடந்துவிட்டது. ஆகஸ்டு 7-ஆம் தேதி, கோயிலில் சபையார் முன்னிலையில், வெஸ்லி அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். விதிப்படி முன்கூட்டித் தெரிவிக்கவில்லை, தவறுக்கு வருந்தவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஊர் வேறு காரணம் சொல்லிற்று. மனைவிக்கு நேர்ந்த அவமானத்துக்கு வில்லியம்ஸன் 1,000 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். ஊர்ப் பஞ்சாயத்தார் பத்துக் குற்றங்களை அடுக்கினார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி இரவு மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் வெஸ்லி ஓடத்தில் ஏறி ஜார்ஜியாவை விட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை.

மெதடிஸ்டு நண்பர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஸோபியை மணந்து சவானாவில் குடித்தனம் நடத்தியிருந்தால், ஐம்பது வருஷம் குதிரை மேலேறி இங்கிலாந்து முழுவதும் பிரசங்கித்த வெஸ்லி நமக்குக் கிடைத்திருப்பாரா என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1751-இல் அவர் ஒரு விதவையை மணந்து பட்ட பாடு ஊரறிந்தது. சீட்டு அவரைச் சம்சாரத்திலிருந்து காப்பாற்றிவிடவில்லை, தள்ளிப்போட்டது.

சீட்டின் மேல் அவருக்கிருந்த மோகம் உடனே போய்விடவில்லை. 1738 பிப்ரவரியில் அவர் இங்கிலாந்துக் கரையில் இறங்குகிறார். அவருடைய இளம் நண்பர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு அதே ஜார்ஜியாவுக்குப் போக அதே துறைமுகத்தில் கப்பலில் காத்திருக்கிறார். நண்பர் போகலாமா கூடாதா? வெஸ்லி சீட்டுப் போட்டார். 'அவர் லண்டனுக்குத் திரும்பட்டும்' என்று வந்ததை ஒரு தாளில் எழுதிக் கப்பலுக்கு அனுப்பினார். ஒயிட்பீல்டு யோசித்தார். இன்னொரு தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டுத் தனக்கு ஆண்டவர் இட்ட கட்டளையை மீறி, சிங்கத்தின் வாயில் விழுந்தவனுடைய பழைய ஏற்பாட்டுக் கதை அவருக்கு ஞாபகம் வந்தது. நங்கூரம் எடுத்தது, அவர் போயே விட்டார். ஜார்ஜியாவில் அவர் ஏற்படுத்திய அநாதை விடுதி பிற்பாடு புகழ் பெற்றது. இரண்டு வருஷம் கழித்து வெஸ்லி, தம் கொள்கைக்கு எதிரான பிரசங்கம் ஒன்றை அச்சிடலாமா என்று சீட்டுப் போட்டுப் பார்த்து அச்சிட்டதை அறிந்ததும், ஒயிட்பீல்டு இந்தக் கப்பல் சங்கதியையும் சேர்த்து ஒரு பகிரங்கக் கடிதத்தில் போட்டு உடைத்துவிட்டார். அந்தரங்கத்தை வெளியிட்டது தப்பு என்று பின்னால் வருந்தினார். அவர் கேட்ட கேள்வி தப்பில்லை: வேத வசனமும் புத்தியும் இருக்கிறபோது ஆண்டவரை ஏன் சோதிக்க வேண்டும்?

இதற்கு மொரேவியர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நாங்கள் சுய விருப்பத்தைக் கொன்றுவிட்டுத்தான் சீட்டைத் தொடுகிறோம் என்பார்கள். பிரபு விஷயத்தில் அது உண்மை. ஆனால் சுய விருப்பம் பதிலில் மட்டுமா இருக்கிறது? கேள்வியிலேயே இருக்கக்கூடாதா? இதற்கு என்னிடமுள்ள சாட்சி ஸாம் என்ற மனிதர்.

வட கரோலினாவில் மொரேவியர்களுக்கு விசாலமான நிலம் இருந்தது. அங்கே தலைநகராக எந்த இடத்தில் ஸேலம் ஊரைக் கட்டுவது என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள். நல்ல இடங்கள் பல தள்ளுபடியாகி 1765-இல்தான் ஓர் இடத்துக்குச் சம்மதம் கிடைத்தது. சளைக்காமல் அத்தனை தடவை நடந்து இடம் பார்த்தவர்களுடைய பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும். 1769-இல் அதே மனிதர்கள், அதே பயபக்தியோடு, அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு, தங்களிடம் வாடகைக்கு வேலை செய்துவந்த ஸாம் என்ற நீக்ரோ அடிமையைச் சபை விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்டார்கள். ஆம் என்று வந்தது. வாங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து யோஹான் ஸாமுவேல் என்று பெயரிட்டார்கள். அன்போடு நடத்தினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டோபர் என்ற குயவர் அடிமைகளுக்காகக் கடல் கடந்து போய் 37 வருஷந்தான் ஆகியிருந்தது. ஸாமை வாங்கலாமா என்று கேட்டவர்கள், மனிதனை மனிதன் வாங்கலாமா என்று சீட்டு எழுதிவைத்துக் கேட்டிருக்கலாம். கேள்வியே தவறென்று சொல்லும் வெறுஞ்சீட்டு ஒன்று அவர்கள் முறையில் இருந்ததே என்று நினைக்கும்போதுதான் மனம் ஆறமாட்டேனென்கிறது.

அமெரிக்காவிலிருந்த இளைய தலைமுறைக்குச் சீட்டுக் கல்யாணம் கசந்தது. பக்கத்து ஊர்ப் பையன்கள் தங்களுக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்வதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டு மறுத்த பெண்ணை மணப்பதற்காகச் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. 1818-இல் கூடிய பொதுச் சபையில், சாதாரண அங்கத்தினரின் விவாகத்துக்குச் சீட்டுக் கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. ஊழியக்காரர்களுக்கு மட்டும் மேலும் சிலகாலம் நீடித்தது. 1889-இல் சபைக் காரியங்களில் சீட்டே அடியோடு நின்றுவிட்டது. அன்றாட வசனம் மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கும் ஹெர்ன்ஹூட்டில் சுமார் 1,800 வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாகக் குலுக்கி எடுக்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் அந்தப் புத்தகம் வெளியாகிறது.

அன்றாடக் காரியங்களில் ஆண்டவரை நம்பியவர்கள் வேறு விதமாகவும் இருந்திருக்கிறார்கள். ஜார்ஜ் முல்லர் வாலிபத்தில், தாம் மிஷனரியாகப் போகலாமா என்று அறிய அரசாங்க லாட்டரிச் சீட்டு ஒன்று வாங்கினவர்! சிறு தொகை விழுந்தது. மிஷன் சங்கத்துக்கு எழுதிப் போட்டார். தகப்பனார் சம்மதமில்லாமல் எடுக்கமாட்டோம் என்று பதில் வந்தது. அத்தோடு அந்த வழியை விட்டுவிட்டு, பிற்காலத்தில் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை, ஒருவரிடமும் கையேந்தாமல், ஜெபத்தை மட்டும் நம்பி வளர்த்தார். முதலில் என் இருதயத்தில் என் இஷ்டம் என்று ஒன்று இல்லாதபடி செய்துகொள்வேன், பிறகு வேதத்தைப் பார்ப்பேன், சூழ்நிலையைப் பார்ப்பேன், ஜெபிப்பேன் என்பது அவர் பிற்காலத்தில் கைக்கொண்ட முறை. அவருடைய மைத்துனர் குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் இந்தப் பாடம் கேட்டவர் நம் திருநெல்வேலி அருளப்பன். சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்து கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரையே உண்டாக்கியவர். அது தனியாக எழுத வேண்டிய கதை.

மொரேவியர்களும் நம் கரைக்கு வந்தவர்கள்தாம். டேனிஷ்காரர்கள் நிக்கோபார்த் தீவுகளில் 1756-இல் குடியேற முயன்று காய்ச்சலுக்குப் பலியாகித் திரும்பினார்கள். அந்தத் தீவுகளுக்குப் போக யார் இசைவார்கள் என்று தேடிய டென்மார்க் ராஜாங்கம் ஹெர்ன்ஹூட்டாரைக் கேட்டது. 1760 ஜூலையில் 14 சகோதரர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அதே வருஷம் மே மாதம் ஸின்ஸெண்டார்ப் காலமாகியிருந்தார். ஸீகன்பால்கு காலத்திலிருந்து அங்கேயிருந்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கித் தச்சு வேலை, பயிர் வேலை, கைத்தொழில் என்று சம்பாதித்துக்கொண்டு எட்டு வருஷம் காத்திருந்தார்கள். சகோதரர் தோட்டம் என்று அதற்குப் பெயராயிற்று. 1768-இல் நிக்கோபாரின் நான்கவுரித் தீவில் போய்க் குடிசை போட்டார்கள்.

அங்கே எட்டு வருஷம் இருந்த ஹென்ஸல் என்பவர், வயோதிகத்தில், 1812-இல் வெளியான கடிதங்களில் அதையெல்லாம் எழுதியிருக்கிறார். தீவைச் சுற்றி வரும்போது இரவாகிவிட்டால் கடற்கரை மணலில் குழி தோண்டிக் கழுத்து வரை தன்னைப் புதைத்துக்கொண்டு தூங்குவாராம். நாய் மேலே குறுக்கே படுத்துக் காவல் காக்கும். பாம்புகளையும் சங்கு சிப்பிகளையும் சேகரித்து விற்று மிஷனுக்குப் பணம் தேடினார். காய்ச்சல் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போயிற்று. 11 பேரை அந்தத் தீவிலேயே புதைத்தார்கள். அங்கே பிடித்த காய்ச்சலோடு தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்து இறந்தவர்கள் 13 பேர். ஒருவர் இறந்த சேதி வந்ததும் இன்னொருவர் கிளம்பிப் போவார். அந்தச் சபையின் நியமனங்கள் சீட்டின் சம்மதம் பெற்றே நடந்த காலம் அது. பத்தொன்பது வருஷத்தில் தீவார் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை.

1787-இல் அந்த மிஷனை மூடிவிடுவதென்று முடிவாயிற்று. மிச்ச சாமான்களை ஏற்றிக்கொண்டு வரவும், வீட்டை டேனிஷ் அதிகாரியிடம் ஒப்படைக்கவும் ஹென்ஸலையே அனுப்பினார்கள். அந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றி எழுதும்போது கிழவருக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும். எத்தனை பேருடைய ஜெபமும் கண்ணீரும் பெருமூச்சும் அந்த இடத்தில் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டதாக எழுதுகிறார். ஆண்டவர் ஏன் எங்களை அங்கே அனுப்பினார் என்று அவர் கேட்கவில்லை. தம்மிடமும் தம் சகோதரர்களிடமும் இருந்த அன்புக் குறைகளையே எண்ணி வருந்துகிறார். சாமான்களை ஏற்றினார், வீட்டை ஒப்புக்கொடுத்தார், புதைகுழிகளைப் பார்த்துவிட்டுத் தரங்கம்பாடிக்குத் திரும்பினார். சகோதரர் தோட்டம் இன்னும் சில வருஷம் நடந்தது. 1803-இல் அங்கிருந்தவர்களும் கப்பலேறிப் போய்விட்டார்கள்.